சூரிக் ஏரியும் சமுத்திரம் ஏரியும்

ஷாஃப்ஹவுசன் போகும் ரயிலில்

நவம்பரில் சூரிக்குக்கு வானம் கிடையாது. கூரைகளுக்குச் சற்று மேலே சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நாள் முழுக்க நகர்வதில்லை. அந்த மூட்டத்துக்குள்ளேதான் என் ரயில் வடக்கே போய்க்கொண்டிருந்தது. ஜன்னலில் கிழங்கு பிடுங்கிய வயல்கள், கழுத்தில் மணி கட்டிய மாடுகள், கட்டை அடுக்கிய களஞ்சியங்கள் எல்லாம் ஒரு நொடி தெரிந்து மறைந்தன.

ஷாஃப்ஹவுசனுக்குப் போகும் ரயிலில்தான் 1913 அக்டோபரில் கார்ல் குஸ்டாவ் யுங்குக்கு அது நேர்ந்தது. தூங்கவில்லை, விழித்துத்தான் இருந்தார். வட கடலுக்கும் ஆல்ப்ஸ் மலைக்கும் நடுவிலுள்ள தாழ்நிலம் முழுவதையும் வெள்ளம் மூடுவதைக் கண்டார். மஞ்சள் அலைகள், மிதக்கும் இடிபாடுகள், எண்ண முடியாத பிணங்கள். பிறகு தண்ணீர் ரத்தமானது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் அந்தக் காட்சி அவரை விடவில்லை. இரண்டு வாரம் கழித்து அதே பயணத்தில் மறுபடியும் வந்தது, ரத்தம் இன்னும் அதிகமாக. அவரோ மனநல மருத்துவர். சூரிக்கின் புர்க்ஹோல்ட்ஸ்லி மருத்துவமனையில் ஒன்பது ஆண்டுகள் இதுபோன்ற காட்சிகளைச் சொல்லும் நோயாளிகளோடு இருந்தவர். தனக்கும் பித்து தொடங்கிவிட்டது என்றே நினைத்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டபோதுதான், தான் கண்டது தன்னைப் பற்றியது மட்டுமில்லையோ என்ற எண்ணம் அவருக்கு வந்தது.

எதிர் இருக்கையில் ஒரு பெரியவர் பேனாக்கத்தியால் ஆப்பிளைச் சீவிக்கொண்டிருந்தார். ஒரு துண்டை நீட்டி எந்த ஊர் என்று கேட்டார். தென்னிந்தியாவில் ஒரு மலையடிவார ஊர் என்றேன். இங்கே எல்லா ஊரிலும் மலை உண்டு என்றார். எங்கள் ஊரில் மலைமேல் கோயில் இல்லை, மலையேதான் சாமி என்றேன். அவர் ஆப்பிள் சீவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு தலையை மெல்ல ஆட்டி இன்னொரு துண்டைக் கொடுத்தார். திருவண்ணாமலையைப் பற்றி வெளிநாட்டில் நான் சொன்னதிலேயே மிகக் குறைவான சொற்கள் அவைதான். அவருக்கு அவ்வளவு போதுமானதாக இருந்தது.

ஷாஃப்ஹவுசனுக்கு முன்னால் ரைன் அருவி. உயரம் 23 மீட்டர்தான். அகலம் 150 மீட்டர். உயரத்தால் அல்ல, அள்ளிக் கொட்டும் தண்ணீரின் அளவால் மிரட்டும் அருவி. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரைச்சலில் என் எண்ணம் எனக்கே கேட்கவில்லை. காகிதக் கூம்பில் சுட்ட கஷ்கொட்டை வாங்கிக் கையைச் சூடாக்கிக்கொண்டேன். மாவும் இனிப்புமாக, நம் ஊர்ப் பனங்கிழங்கை நினைவூட்டும் ருசி.

ஆட்லிஸ்வில்

நான் தங்கியிருந்தது யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் வீட்டில். சூரிக்கின் தெற்கே சில் ஆற்றங்கரையில் உள்ள ஊர் ஆட்லிஸ்வில். ஈழத்தவர் நடத்தும் முருகன் கோயிலால் இந்த நாட்டுத் தமிழர் எல்லோருக்கும் தெரிந்த ஊர். நான் தங்கிய வீட்டார் 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு வந்த தலைமுறை. வீட்டுக்கார அக்கா ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்.

இரவு அரிசிமா இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். நான் எதற்காக வந்திருக்கிறேன் என்று கேட்டார். கண்ணை மூடவைத்து, ஒரு இடத்தைச் சொல்லி, அதற்குள் நம்மை நடக்கவைத்து, ஆழ்மனத்தில் என்ன கிடக்கிறது என்று பார்க்கும் முறை ஒன்று இந்தப் பக்கத்தில் வளர்ந்தது, அதைப் பார்க்க வந்தேன் என்றேன்.

“அதுக்கு ஏன் தம்பி இவ்வளவு தூரம்? நான் கண்ணை மூடினாலே எங்கட வளவுக் கிணறுதான். துலாக் கயிறு இழுக்கிற சத்தமும் கேக்கும்.”

சொதியை என் தட்டில் ஊற்றிவிட்டுத் தொடர்ந்தார்.

“நாப்பது வருசமா இஞ்சதான் கிடக்கிறன். பிள்ளையள் பிறந்தது இஞ்ச, இவர் செத்ததும் இஞ்ச. ஆனா கனவில ஒரு நாளும் பனி பெய்யேல்லை.”

அந்த இரவு நான் குறிப்பேட்டில் எழுதியது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். நிலத்தையும் மனநிலையையும் ஒன்றாக வைத்து ஐந்து திணை வகுத்த மொழி நம்முடையது. குறிஞ்சி என்றால் மலை மட்டுமல்ல, கூடலும். நெய்தல் என்றால் கடற்கரை மட்டுமல்ல, இரங்கலும். அதைப் பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்தேன். ஒரு ஆளுக்குள் அது எப்படி வேலை செய்கிறது என்பதை அந்தச் சாப்பாட்டு மேசையில்தான் பார்த்தேன்.

குஸ்நாக்ட்

ஏரியின் கிழக்குக் கரையில், நகரத்திலிருந்து சில நிமிட ரயில் பயணத்தில் குஸ்நாக்ட். செல்வந்தர் கரை. சாலையிலிருந்து ஒரு நேர்கோட்டு நடைபாதை, இருபுறமும் மரங்கள், முடிவில் கோபுரம்போல் முன்னே துருத்திய வாசல். யுங் 1909இல் குடிவந்து 1961இல் இறக்கும்வரை வாழ்ந்த வீடு. இப்போது அருங்காட்சியகம். கதவின் மேல் கல்லில் லத்தீன் எழுத்து: அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் கடவுள் அங்கே இருப்பார் என்ற பொருளில்.

நூலகத்தில் புத்தகத் தோலின் வாசனை. உள்ளே அவர் எழுதும் சிறு அறை, வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். கூட வந்தவர்கள் அலமாரியைப் பார்த்தார்கள். நான் ஏரியைப் பார்த்தேன். அந்தக் கரையில்தான் அவர் தன் நோயாளிகளுக்கு நடுவே கிடைத்த நேரத்தில் குழந்தைபோல் கூழாங்கற்களை அடுக்கி ஒரு சிறு ஊர் கட்டிக்கொண்டிருந்தார். வீடுகள், ஒரு தேவாலயம், அதற்குள் பலிபீடமாக ஒரு சிவப்புக் கல். நாற்பதை நெருங்கும் மருத்துவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாள் தவறாமல் கல் அடுக்கினார். மனத்தில் அடைபட்டது கைவழியாக இறங்கட்டும் என்று விட்டார்.

1913 டிசம்பர் 12. மேசைமுன் உட்கார்ந்திருந்தவர், விழுந்தால் விழட்டும் என்று தன்னை விட்டுவிட்டார். காலடியில் தரை பிளந்ததுபோல் இருந்தது. இறங்கிய இடம் இருட்டு. ஒரு குகை வாசல், அதில் தோல் சுருங்கிய ஒரு குள்ளன். அவனைத் தாண்டி முழங்கால் அளவு பனிநீரில் நடந்து மறுபுறம் போனால் சிவப்பாக ஒளிரும் ஒரு கல். அதைத் தூக்கினால் அடியில் ஓடும் நீர், நீரில் ஒரு இளைஞனின் பிணம், பிறகு ஒரு கறுப்பு வண்டு, பிறகு சிவந்த புதுச் சூரியன். கடைசியில் குபுகுபுவென்று ரத்தம்.

இதையெல்லாம் நான் ஊரிலேயே படித்திருந்தேன். ஆனால் அந்த அறையில் நின்றபோது ஒரு தேதிக் கணக்கு திடீரென்று பொருந்தியது. அதே 1913 டிசம்பரில் எங்கள் மலையில் விரூபாட்ச குகையில் ரமணர் இருந்தார். 1899 முதல் 1916 வரை அவருக்கு அதுதான் வீடு. யுங்கைவிட நான்கு வயது இளையவர். இங்கே ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி மனத்துக்குள் ஒரு குகையில் இறங்குகிறார். அங்கே ஒருவர் நிஜக் குகையில் உட்கார்ந்துகொண்டு மனத்தில் எழும் எந்த உருவத்தின் பின்னாலும் போகாமல் இருக்கிறார். ரமணர் வழியில், ஒரு காட்சி வந்தால் இது யாருக்கு வந்தது என்று கேட்டுக் கேட்பவனிடமே திரும்பிவிட வேண்டும். யுங் வழியில், வந்த உருவத்தை உட்காரவைத்து, நீ யார், என்ன வேண்டும் என்று அதனிடமே கேட்க வேண்டும்.

யுங்குக்கு இந்த வேறுபாடு தெரிந்தே இருந்தது. கொந்தளிப்பு தாங்க முடியாமல் போன நாட்களில் யோகப் பயிற்சிகள் செய்து தன்னை அடக்கிக்கொண்டார். அமைதி வந்ததும் பயிற்சியை விட்டுவிட்டு மறுபடி அந்த உருவங்களிடம் போனார். இந்தியன் உருவங்களை அழிக்க யோகம் செய்கிறான், நான் அவற்றைச் சந்திக்கும் தெம்புக்காகச் செய்தேன் என்ற பொருளில் பின்னாளில் எழுதினார். 1937 முடிவில் இந்தியா வந்தவர் திருவனந்தபுரம்வரை போயும் திருவண்ணாமலைக்கு வரவில்லை. ஹைன்ரிக் சிம்மர் ரமணரைப் பற்றி எழுதிய நூலுக்கு 1944இல் முன்னுரை மட்டும் எழுதினார். எங்கள் ஊர் ஆட்களுக்கு அது ஒரு குறையாகவே இருக்கிறது. எனக்கும்தான்.

அவர் கண்ட உருவங்களில் கிழவர் ஒருவர் வருவார். மீன்கொத்தியின் சிறகு, எருதின் கொம்பு, கையில் நான்கு சாவிகள். பிலேமோன் என்று பெயர். தோட்டத்தில் நடந்தபடி அவரோடு பேசுவார் யுங். நாம் உண்டாக்காத எண்ணங்கள் நமக்குள் இருக்கின்றன என்று அவரிடம்தான் கற்றதாகச் சொன்னார். இவற்றையெல்லாம் முதலில் கறுப்புக் குறிப்பேடுகளிலும் பிறகு சிவப்புத் தோலட்டையிட்ட பெரிய ஏட்டிலும் எழுதி, ஓவியமும் தீட்டினார். அந்தச் சிவப்புப் புத்தகம் 2009இல்தான் அச்சில் வந்தது. இப்படி நடமாடிக்கொண்டே பித்தாகாமல் அவரை நிறுத்தியது எது? மனைவி, ஐந்து குழந்தைகள், காத்திருக்கும் நோயாளிகள், ஏரிச்சாலை 228 என்ற இந்த வீட்டு முகவரி. இவற்றைத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். கிணற்றில் இறங்குபவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொள்வதைப்போல.

ராப்பர்ஸ்வில்

ஏரி குறுகும் இடத்தில் கோட்டை, ரோஜாத் தோட்டம், கோட்டைச் சரிவில் மான்கள். ரோஜாக்கள் நவம்பரில் வெறும் முள்ளாக இருந்தன. ஒரு மாடி அறையில் எனக்காகக் காத்திருந்தவர் அறுபது வயதை நெருங்கும் சிகிச்சையாளர். நரைத்த கூந்தல், கம்பளி மேலாடை, மடியில் ஒரு நோட்டு.

அவர் கற்ற முறை யுங்கினுடையது அல்ல. ஜெர்மனியில் ஹான்ஸ்கார்ல் லொய்னர் 1950களில் ஒழுங்குபடுத்தியது. யுங் தனியாக இறங்கினார். லொய்னர் முறையில் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் இருக்கிறார். உடலைத் தளர்த்திக் கண்ணை மூடியவரிடம் அவர் ஒரு இடத்தை மட்டும் சொல்வார். தொடக்க நிலையில் ஐந்து: புல்வெளி, ஓடை, மலை, வீடு, காட்டின் விளிம்பு. கண்மூடியவர் தான் காண்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். வழிகாட்டுபவர் கேள்வி மட்டும் கேட்பார், காட்சியைத் தானே வரைந்து கொடுக்க மாட்டார்.

தொடங்கும் முன் பல கேள்விகள். தூக்கம் எப்படி, மருந்து ஏதாவது உண்டா, இல்லாத குரல் எப்போதாவது கேட்டதுண்டா. மனம் ஏற்கெனவே நொறுங்கியிருக்கும் ஒருவரை இப்படி இறக்குவது தவறு என்றார். பிறகு இன்னொன்று சொன்னார், நான் எதிர்பாராதது.

“இங்கே நீங்கள் பார்ப்பதை நடந்த சம்பவம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கற்பனையில் அழுத்தமாகப் பார்த்ததை நினைவு என்று மனம் எளிதில் நம்பிவிடும். 1990களில் அமெரிக்காவில் இதனால் குடும்பங்கள் நீதிமன்றம்வரை போயின. நினைவு என்று ஏதாவது தோன்றினால் வெளியே போய், தெரிந்தவர் யாரிடமாவது கேளுங்கள்.”

படுத்தேன். கால், கை, தோள் என்று பாரத்தை இறக்கச் சொன்னார். பிறகு, “ஒரு புல்வெளி.”

எனக்குப் புல்வெளி வரவில்லை. சுவிட்சர்லாந்து வந்து பத்து நாட்களாகப் புல்வெளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றாவது வர வேண்டுமே. வந்தது எங்கள் ஊர்ச் சமுத்திரம் ஏரி. மலைக்குத் தெற்கே, கிரிவலப் பாதை ஓரம், கோடையில் வற்றிய ஏரி. சீமைக் கருவேலம் புதர், வெடித்த வண்டல், வெடிப்பின் ஓரங்கள் சுருண்டு ஓடுபோல் எழுந்திருந்தன. இது புல்வெளி இல்லை என்று மன்னிப்புக் கேட்கும் தொனியில் சொன்னேன்.

“அதுதான் உங்கள் புல்வெளி. என்ன வாசனை வருகிறது?”

மண் வாசனை, சாண வாசனை. தண்ணீர் உண்டா என்றார். காய்ந்த வரத்துக்கால்வாய் ஒன்று இருந்தது. அதன்வழி ஏறிப் போகலாமா என்றார். ஏறினேன். மலை எதிரில் நின்றது. கால்வாய் ஒரு திருப்பத்தில் வளைந்தது. அங்கே நடுவில் ஒரு எருமை, வழியை அடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தபடி.

உடல் சட்டென்று குளிர்ந்தது. சொன்னேன். கட்டியிருக்கிறதா என்றார். கழுத்தில் கயிறு தொங்குகிறது, நுனி அறுந்து சேறு அப்பியிருக்கிறது என்றேன். திரும்பிவிடலாமா என்று நானே கேட்டேன்.

“துரத்தவும் வேண்டாம், ஓடவும் வேண்டாம். அதற்குப் பசிக்கிறதா என்று பாருங்கள்.”

எதிரில் வரும் பயங்கரத்தோடு சண்டை போடாமல் ஊட்டிப் பழகிக்கொள்வது லொய்னர் முறையின் அடிப்படைகளில் ஒன்று என்று பின்னர் தெரிந்துகொண்டேன். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் கையில் ஒரு தகர வாளி இருப்பது. உள்ளே பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் ஊறிய தண்ணீர். கீழே வைத்தேன். எருமை மூக்கை உள்ளே விட்டு உறிஞ்சியது. அந்தச் சத்தம், நாற்பது வருடமாகக் கேட்காத சத்தம், காதுக்குள் அப்படியே கேட்டது. அதன் நெற்றியில் வெள்ளைப் புள்ளி. ராணி.

எட்டாம் வகுப்பு முடித்து வேலூரில் விடுதியில் சேர எனக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. ராணியை விற்றார்கள். தரகர் வந்து கயிற்றைப் பிடித்து இழுத்தார், தடியால் தட்டினார், அது தெருவைவிட்டு நகரவில்லை. அம்மா என்னிடம் சொன்னாள், “நீ முன்னால போடா, உன் பின்னால வரும்.” நான் முன்னே நடந்தேன், அது பின்னே வந்தது. ஏரிக்கரைவரை. அங்கே தரகர் கயிற்றை வாங்கிக்கொண்டார். நான் திரும்பிப் பார்க்காமல் ஓடிவந்தேன்.

இந்த நிகழ்ச்சியை யாரிடமும் சொன்னதில்லை. மறைத்ததாகவும் இல்லை. அப்படி ஒன்று நடந்ததே நினைவில் இல்லாமல் இருந்தேன். ரமணாசிரமத்தில் பசு லட்சுமியின் சமாதியைத் தாண்டி எத்தனையோ நூறு முறை போயிருக்கிறேன். ஒரு தடவைகூட ராணி நினைவுக்கு வந்ததில்லை.

கண் திறந்தபோது அவர் ஒரு டம்ளர் வெந்நீர் கொடுத்தார். ஒன்றும் விளக்கவில்லை. நோட்டில் ஏதோ எழுதிவிட்டு, எருமையின் பெயரை எப்படி உச்சரிப்பது என்று மட்டும் கேட்டார்.

மரப்பாலம், பொலிங்கன்

ராப்பர்ஸ்விலிலிருந்து எதிர்க்கரை ஹூர்டனுக்கு ஏரிமேல் ஒரு மரப்பாலம் போகிறது. 841 மீட்டர். ஐன்சீடல்ன் மடத்தின் கறுப்பு மாதாவைத் தரிசிக்க யாத்ரீகர் காலங்காலமாகக் கடந்த வழியில் 2001இல் புதிதாகக் கட்டியது. மறுநாள் காலை அதில் பாதித் தூரம் நடந்தேன். மூட்டத்தில் இரண்டு கரையும் தெரியவில்லை. பலகையும், கீழே நாணலும், எங்கோ ஒரு நீர்க்கோழியும். அங்கே நின்று அழுதேன். கடந்து போன ஒரு சைக்கிள்காரர் இறங்கி, எதுவும் கேட்காமல், சைக்கிளை உருட்டியபடியே என்னைத் தாண்டிப் போனார். மணி அடிக்கவில்லை.

திரும்பி, ஏரியின் வடகரையோடு கிழக்கே பொலிங்கனுக்கு நடந்தேன். வழியில் வூர்ம்ஸ்பாக் கன்னியர் மடம், ஆப்பிள் தோப்புகள், ஒரு வீட்டு வாசலில் ஆளில்லாமல் வைத்திருந்த பூசணிக்காய்களும் காசு போட ஒரு டப்பாவும். ரொட்டியும் கட்டிப் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டேன். பொலிங்கன் மணற்கல்லுக்குப் பேர் போன இடம்.

யுங் இங்கே 1922இல் நிலம் வாங்கி அடுத்த ஆண்டு வட்டமான ஒரு கல் கோபுரம் கட்டத் தொடங்கினார். பிறகு பல கட்டங்களாக அது வளர்ந்தது. மனைவி எம்மா 1955இல் இறந்தபிறகு கடைசிப் பகுதியை எழுப்பினார். மின்சாரம் கிடையாது. கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்தார், விறகு பிளந்தார், தானே சமைத்தார். மனத்துக்குள் கண்டது காகிதத்தில் நின்றால் போதாது, கல்லில் நிற்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. ஒரு முறை சுவருக்காகச் சொல்லிவைத்த கல்லில் அளவு தப்பிப் பெரிய சதுரக் கல்லொன்று வந்தது. கொத்தனார் திருப்பி அனுப்பச் சொன்னார். இது என் கல் என்று யுங் வைத்துக்கொண்டார். 1950இல் தம் 75ஆம் வயதில் அதில் தானே எழுத்தும் உருவமும் செதுக்கினார். தப்பாக வந்ததைத் திருப்பி அனுப்பாத அந்தக் குணம்தான் அவருடைய முறை முழுவதும் என்று எனக்குப் படுகிறது.

கோபுரம் இன்றும் குடும்பத்தாருடையது. உள்ளே போகக் கேட்பது முறையல்ல. கரையோரப் பாதையில் நின்று மரங்களின் ஊடே அதன் கூரையை மட்டும் பார்த்தேன். எங்கள் மலையின் வழி பெரிது என்று வளர்ந்தவன் நான், இன்றும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் ராணி எதிரில் நின்றபோது இது யாருக்குத் தெரிகிறது என்று கேட்டிருந்தால் ராணி போயிருக்கும். வாளி காலியாகாமலே போயிருக்கும்.

அந்தச் சிகிச்சையாளர் அம்மையார் சொன்னது நினைவுக்கு வந்தது. தெரிந்தவரிடம் கேள். ஊரில் மாலை ஆகியிருக்கும். அம்மாவைக் கூப்பிட்டேன்.

“எருமையா? எந்த எருமைடா?”

“ராணிம்மா. நெத்தியில வெள்ளை. நான் வேலூர் போறப்ப வித்தோமே. தரகர் கூட ஏரிக்கரை வரைக்கும் நான்தானே கூட்டிட்டுப் போனேன்?”

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தினாள்.

“நீதான் கூட்டிட்டுப் போன. ஆனா அது மறுநாளு திரும்பி வந்துச்சுடா. கயித்த அத்துக்கினு, விடிகாலையில கொட்டாயில வந்து நின்னுச்சு. நீ பள்ளிக்கூடம் போனப்புறம் அந்தாளு வந்து பிடிச்சுக்கினு போனாரு.”

“எனக்குச் சொல்லவே இல்லையேம்மா.”

“எப்படிடா சொல்வேன்? நீ சாயங்காலம் வந்து கேட்ட, கொட்டாயில ஏது புதுச் சாணின்னு. பக்கத்து வீட்டு மாடு பூந்துடுச்சின்னு சொல்லிட்டேன்.”